மெயின் போர்ட்டும் முருகனும்

வீட்டை வாங்குவதற்கு முன் கரண்ட் வயர்களை ஓர் இன்ஸ்பெக்டர் பார்த்து ரிப்போர்ட் தர வேண்டும் என்று, அவர்கள் வீட்டை வாங்க இருந்த சிந்து போனில் சொன்னபோது, அதற்குள் ஒரு சண்டை இருக்கிறது என்று சுகந்தினிக்குத் தெரியாது.

“பழைய வீடுன்றதால இன்சூரன்ஸ்காரங்க கேக்குறாங்க ஆன்ட்டி. ரிப்போர்ட் இருந்தாதான் இன்சூரன்ஸ் தருவாங்களாம். இன்சூரன்ஸ் இல்லாம பேங்க்ல லோன் தர மாட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துட்டா போதும்” என்றாள் சிந்து. தொந்தரவு கொடுக்கிறோமே என்ற கூச்சம் குரலில் இருந்தது.

“அதுக்கென்ன பிள்ளை, நாளைக்கே ஆரையாவது கூப்பிடுறன்” என்று சொல்லிவிட்டுச் சுகந்தினி போனை வைத்தாள்.

முன்னறையில் தவராசா அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒக்லாந்தில், ஹில்ஸ்பரோவில் இருக்கிற இந்த வீட்டை விற்றுவிட்டு, புக்கெகோஹியில் இருக்கிற மகள் கம்சாயினி வீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்றுக்குப் போவதென்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். அவருக்கு முழங்கால், அவளுக்குத் தோள்மூட்டு. மேட்டில் நிற்கிற வீடு இனித் தாங்காது.

விஷயத்தைச் சொன்னதும் அவர் டேப்பைக் கீழே வைத்தார்.

“ஒருத்தரும் வரத் தேவையில்லை.”

“ஏன்?”

“நல்லா எரியிற லைட்டை ஏன் கிண்டோணும்? பாக்கிறன் எண்டு வருவாங்கள், பிறகு சுவரை உடைப்பாங்கள். வீட்டைக் கேட்டு வந்த அந்த பில்டருக்கே குடுத்திடுவம். அவன் வயரைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையே.”

பில்டர் ஏன் கேட்கப்போகிறான்? வீட்டை இடித்து, வளவு முழுக்க நெருக்கியடித்துப் புதுவீடுகள் கட்டப்போகிறவன். இடிக்கிற வீட்டுக்கு எந்த வயர் போனால் அவனுக்கென்ன? சுகந்தினி கையிலிருந்த அகப்பையை மேசையில் வைத்தாள். அவள் அகப்பையைக் கீழே வைத்தால் விஷயம் பெரிது என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

“அந்தப் பிள்ளைக்கு வாக்குக் குடுத்திட்டன்” என்றாள்.

வாக்குக் கொடுத்தது வீடு பார்க்க விட்ட ஞாயிற்றுக்கிழமையில். ஆட்கள் வந்தார்கள், அலுமாரிகளைத் திறந்து பார்த்தார்கள், ஏஜென்டிடம் சிரித்துவிட்டுப் போனார்கள். சிந்து மட்டும் பின்னறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். வயிற்றில் ஆறேழு மாதம் இருக்கும். பக்கத்தில் அவள் புருஷன் மதன்குமார், ஐடி வேலைக்காரன், மனைவியின் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். “என்னம்மா பாக்கிறீங்கள்?” என்று கேட்டதற்கு, “சுவர் காஞ்சிருக்கு ஆன்ட்டி” என்றாள். ஏவன்டேலில் அவர்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டில் சுவரெல்லாம் ஈரமாம். மாரிகாலத்தில் தலைமாட்டுச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பூக்குமாம். குழந்தையை அங்கே எப்படிப் படுக்க வைப்பது என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் சுகந்தினியின் மனசு முடிவெடுத்துவிட்டது. ஏஜென்ட் பார்க்காத நேரம் ஒரு தட்டில் உளுந்து வடையும் கொண்டுவந்து கொடுத்தாள். ஏஜென்ட் சொன்ன ஒழுங்குகளில் வடை கொடுப்பது இல்லை.

அப்படிப்பட்டவளிடம் போய், பில்டருக்குக் கொடுப்போம் என்றால் எப்படி இருக்கும்? இந்த மனுஷன் எப்போதிருந்து இப்படிக் கல்நெஞ்சுக்காரன் ஆனார் என்று அவளுக்கு வலித்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் பிடிவாதம் பிடித்திருக்கிறார், கோபப்பட்டிருக்கிறார், சாப்பாட்டில் உப்புக் கூடிவிட்டது என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கதவைச் சாத்துகிற ஆளாக மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை.

தவராசாவின் கரண்ட் அறிவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரண்டே இல்லாத யாழ்ப்பாணத்தில் கரண்ட் படித்தவர் அவர். சண்டைக்காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்ட தலைமுறை. அரசாங்கக் கச்சேரியில் லிகிதராக, கணக்கெழுதும் வேலை பார்த்துக்கொண்டே அயலட்டையின் ரேடியோக்களைத் திருத்தினார். ஒக்லாந்துக்கு அகதியாக வந்து ஒரு பாண் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, இந்த வீட்டையும் வாங்கிய பிறகு, அந்த அறிவுக்கு ஒரு வேலை வந்தது. சுகந்தினி கறிக்குத் தாளித்தால் புகை அலாரம் கத்தும். மீன் பொரித்தால் இன்னும் கத்தும். பொரித்த வாசம் திரைச்சீலையில் ஏறி ஒரு கிழமைக்கு இறங்காது. “பொறும், உமக்கு வெளியிலை ஒரு குசினி செய்து தாறன்” என்றார். கூரைக்குள் ஏறி இறங்கி, மெயின் போர்ட்டிலிருந்து கேரேஜுக்கு வயர் இழுத்து, அடுப்பு, லைட், புகை இழுக்கிற விசிறி எல்லாம் வைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து கார் மழையில் நின்றது, சுகந்தினி கேரேஜில் ராணியைப் போல் சமைத்தாள். எங்கள் சனத்தில் பாதிப் பேருடைய கேரேஜுக்குள் கார் நுழைந்ததே இல்லை, அது வேறு கதை.

அவர் மேலே அவளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கேரேஜ் குசினி வந்த சில மாதத்துக்குள், கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத அந்த மனுஷன் திடீரென்று ஒருநாள், “வீட்டிலை ஒரு சாமியறை இல்லாமல் இருக்கக்கூடாது” என்றார். வீட்டுக்குள் நடைபாதையில் இருந்த அலுமாரிதான் ஈசான மூலை என்று தானே கண்டுபிடித்தார். உள்ளே பலகை அடித்தார், பின்னால் சிவப்புப் பட்டுத் துணி கட்டினார், நடுவில் முருகனை வைத்தார். துணிக்குப் பின்னால் மெயின் போர்ட் இருப்பது சுகந்தினிக்குத் தெரியும். வீடென்றால் அது எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும் என்று அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. மற்றபடி அவர் காலையில் குளித்துவிட்டு அந்த அலுமாரிக்கு முன்னால் கண்ணை மூடி உருகுவதைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு நிறையும். கோயிலில் நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறாள். ஒரே ஒரு குறை, அலுமாரிக்குள் எண்ணெய் விளக்கு ஏற்ற அவர் ஒருநாளும் விட்டதில்லை. பல்ப் விளக்குத்தான். எண்ணெய் விளக்கென்றால் வெளியே ஸ்டூலில். அதற்காக இரண்டு பேரும் எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறார்கள்.

மறுநாளும் அவர் இணங்கவில்லை. அதற்கு மறுநாள் சுகந்தினி அவரைக் கேட்காமலே கஜானிக்குப் போன் பண்ணினாள்.

கஜானி கோயிலில் பழக்கமான குடும்பத்துப் பிள்ளை. குழந்தையாக இங்கே வந்தவள். எலக்ட்ரீஷியனாகி, இப்போது இன்ஸ்பெக்டராகவும் இருக்கிறாள். தாய் கொஞ்சநாள், பெண்பிள்ளை கூரைக்குள் ஏறி இறங்குகிறதே என்று மூக்கைச் சிந்தினாள். பிறகு தன் வீட்டு அடுப்பு பழுதான அன்றோடு நிறுத்திவிட்டாள்.

வியாழன் காலை கஜானியின் வேன் வந்து நின்றபோது தவராசாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. சுகந்தினி கவனித்தாள். கோபம் என்று நினைத்தாள்.

வாசலில் முதல் சிக்கல். கஜானியின் காலில் மொத்தமான வேலைச் சப்பாத்து.

“சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ பிள்ளை.”

“சொரி ஆன்ட்டி, கரண்ட் வேலைக்குச் சப்பாத்துக் கழட்ட எனக்கு அலவ்ட் இல்லை. கவர் போட்டுக்கொண்டு வாறன், ஓகே?” என்று நீலப் பிளாஸ்டிக் உறையைச் சப்பாத்தின் மேல் மாட்டினாள். “மெயின் போர்ட் எங்கை?”

சுகந்தினி நடைபாதை அலுமாரியைத் திறந்தாள். உள்ளே முருகன், பிள்ளையார், லட்சுமி, சரஸ்வதி, எரிந்துகொண்டிருக்கிற பல்ப் விளக்கு. கஜானி கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு, “ஆன்ட்டி, மெயின் போர்ட்?” என்று மறுபடி கேட்டாள்.

“அதுக்குப் பின்னாலைதான்.”

“அப்ப சாமியைக் கொஞ்சம்…”

“இண்டைக்கு ஏலாது” என்று முன்னால் வந்தார் தவராசா. “இண்டைக்கு அட்டமி. அட்டமியிலை சாமியை அசைக்கக்கூடாது.”

சுகந்தினி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டில் கலண்டர் கிழிப்பவள் அவள். விரதம் பார்ப்பவள் அவள். இவருக்கு அட்டமி எது, அமாவாசை எது என்று யார் சொல்லிக் கொடுத்தது?

“அட்டமி முந்தநாளே போயிட்டுது. இண்டைக்குத் தசமி. நல்ல நாள்” என்று சொல்லிவிட்டு, ஏற்கனவே முழுகியிருந்தபடியால், அவளே முருகனைத் தூக்கினாள். ஒவ்வொருவராகச் சாப்பாட்டு மேசைக்குக் குடிபெயர்ந்தார்கள். லட்சுமியைத் தூக்கும்போது மட்டும், “கொஞ்ச நேரம் பொறு அம்மா” என்று மெல்லச் சொன்னாள். சாமிகள் எழுந்து போனபிறகு அது வெறும் அலுமாரிதானே, சப்பாத்தோடு நின்றால் என்ன என்று தன் மனசையும் சமாதானப்படுத்தினாள்.

கஜானி சிவப்புத் துணியை விலக்கினாள். பீங்கான் பியூஸ்கள் வரிசையாக இருந்தன. டார்ச்சை அடித்து மேலும் கீழும் பார்த்தவளின் வெளிச்சம் ஓர் இடத்தில் நின்றது. போர்ட்டின் ஓரத்திலிருந்து தடித்த சாம்பல் நிற வயர் ஒன்று கூரைக்குள் ஏறியது.

“இது பிறகு போட்டது. கேரேஜுக்குப் போகுதா?” என்று கேட்டாள். “ஆர் போட்டது ஆன்ட்டி? சேர்டிபிகேட் இருக்கா?”

சுகந்தினி புருஷனைப் பார்த்தாள். தவராசா தரையைப் பார்த்தார்.

“உங்களுக்கு முதல் இருந்த ஓனரா?” என்றாள் கஜானி.

நல்ல பிள்ளை, தப்பிக்க வழியும் அவளே காட்டிவிட்டாள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. ஆனால் கஜானி பேசி முடிக்கவில்லை. “அப்படியெண்டா கொஞ்சம் கஷ்டம். இந்த வயர் எந்தப் பக்கத்தாலை போகுது, எங்கை ஜொயின்ட் இருக்கு எண்டு எனக்குத் தெரியாது. சுவர்த் தகட்டையும் சீலிங்கையும் கழட்டித்தான் பாக்கோணும். நாளைக்குள்ளை ரிப்போர்ட் தர ஏலாது. அடுத்த கிழமைதான்.”

அடுத்த கிழமை என்றால் சிந்துவுக்கு வீடு இல்லை. பில்டரின் பத்திரம் ஏஜென்டின் மேசையில் தயாராக இருக்கிறது. சுகந்தினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பின்னறைச் சுவரில் வைத்த அந்தக் கை அவள் கண்ணுக்கு முன்னால் நின்றது. இவர் போட்டதுதான் என்று தானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். அது கோபம் இல்லை. அவள் அந்த முகத்தை முன்பும் பார்த்திருக்கிறாள், ஊரில், ஆமியின் சென்றிப் பொயின்டில், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது.

“நான்தான் போட்டனான்” என்றார் தவராசா.

குரல் அவ்வளவு சின்னதாக இருந்தது. பிறகு ஒருமுறை செருமிவிட்டு, ஒப்புக்கொள்வதென்றால் முழுக்க ஒப்புக்கொள்வோம் என்பதுபோல், “வயர் இழுத்ததும் நான், போர்ட்டிலை குடுத்ததும் நான். லைசன்ஸ் இல்லை. அவவுக்கு ஒண்டும் தெரியாது. பொலிசுக்கு அறிவிக்கிறதெண்டா என்ரை பேரை மட்டும் எழுதுங்கோ பிள்ளை” என்றார்.

கஜானி டார்ச்சை அணைத்தாள். “பொலிசா? எதுக்கு அங்கிள்?”

அப்போதுதான் கதை வெளியே வந்தது. கேரேஜ் வேலை முடிந்த புதிதில், பாண் தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒருவன் விளையாட்டாகச் சொன்னானாம், லைசன்ஸ் இல்லாமல் வயர் இழுத்தால் இந்த நாட்டில் மறியலில் அடைப்பார்கள், அகதி என்றால் பிளேனில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று. சிட்டிசன்ஷிப் இன்னும் வராத நேரம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவர் யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் ஏன் கேட்கிறாய் என்று கேட்பார்களே. நேரே வீட்டுக்கு வந்து ஈசான மூலையைக் கண்டுபிடித்தார்.

சுகந்தினிக்கு மெல்லத்தான் புரிந்தது. புரிந்ததும் குரல் ஏறியது.

“அப்ப போர்ட்டை மறைக்கத்தானோ முருகனை வைச்சனீங்கள்?”

“சாமியைத் தள்ளி வையுங்கோ எண்டு ஒரு வெள்ளைக்காரனும் கேக்கமாட்டான் எண்டு நினைச்சன்” என்றார் அவர் பரிதாபமாக. “சிட்டிசன்ஷிப் வந்த பிறகும் பயம் போகேல்லை. தந்தவங்கள் பறிக்கமாட்டாங்களோ?”

கஜானி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போய், பியூஸ் போர்ட்டின் பக்கம் திரும்பி நின்று சிரித்தாள். பிறகு திரும்பி, “அங்கிள், உங்கடை சொந்த வீட்டிலை நீங்களே வயர் இழுக்கலாம். அதுக்குச் சட்டத்திலையே இடமிருக்கு. கரண்ட் குடுக்கிறதுக்கு முதல் மட்டும் எங்களை மாதிரி ஒரு இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு டெஸ்ட் பண்ணி, அவரைக் கொண்டு கனெக்ட் பண்ணியிருக்கோணும். நீங்களே போர்ட்டிலை குடுத்தது பிழைதான், டேஞ்சரும்தான். ஆனா அதுக்காக ஒருத்தரையும் பிளேனிலை ஏத்தமாட்டாங்கள்” என்றாள்.

“சட்டத்திலை இருக்கோ?”

“இருக்கு.”

தவராசா அப்படியே நடைபாதையில், சுவரோடு சாய்ந்து, தரையில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வருத்தமுள்ளவர் உட்கார்ந்தால் எழும்புவது கஷ்டம் என்பதையும் மறந்துபோனார்.

ஆனால் எழும்ப வேண்டியிருந்தது. விடிந்தால் வெள்ளிக்கிழமை. வயர் போகிற வழி முழுவதும் அவருக்கு மனப்பாடம். மெயினை நிறுத்திவிட்டுக் கஜானி கூரைக்குள் ஏறினாள். இவர் கீழே நின்று, “இன்னும் இடப்பக்கம் பிள்ளை, அந்த மரத்துக்கு அங்காலை” என்று கத்தினார். கூரைக்குள் ஓரிடத்தில் டேப் சுற்றிய ஜொயின்ட் ஒன்று அகப்பட்டது. கஜானி மேலிருந்தபடியே அதைப் பற்றி நாலு வார்த்தை இங்கிலீஷில் சொன்னாள். தவராசா மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டார். அதை விடப் பெரிய பிழை அவருடையது அல்ல. இரண்டு அறைகளின் லைட்டுகளுக்கு, வீடு கட்டிய காலத்து ரப்பர் உறை வயர். தொட்டாலே உதிர்ந்தது. அது தொடங்குவதும் அலுமாரிக்குள் இருந்த போர்ட்டிலிருந்துதான். அலுமாரிக்குள் எண்ணெய் விளக்கு இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கஜானி சொன்னதைக் கேட்டபோது, சுகந்தினி தான் பிடித்த சண்டைகளை நினைத்து வாயை மூடிக்கொண்டாள். கள்ளத்தனம் செய்தாலும் மனுஷன் நெருப்பை மட்டும் கிட்டவும் விடவில்லை.

பின்னேரத்துக்குள் ரிப்போர்ட் தயாரானது. கேரேஜ் வயரைக் கஜானி அன்றே கழற்றிப் பாதுகாப்பாக மூடிவிட்டாள். பழைய வயர்களை வீடு கைமாறுவதற்குள் மாற்றித் தருவதாகப் புருஷனும் மனைவியும் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். மெயின் போர்ட்டை இனி எதைக் கொண்டும் மறைக்கக்கூடாது என்றும் அதில் இருந்தது. “எதைக் கொண்டும்” என்பதை வாசிக்கும்போது கஜானி சுகந்தினியைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

வெள்ளி மத்தியானம் சிந்து போன் பண்ணினாள். அவள் அழத் தொடங்க, மதன்குமார்தான் போனை வாங்கிப் பேசினான். “இன்சூரன்ஸ் ஓகே சொல்லிட்டாங்க ஆன்ட்டி. வீடு எங்களுக்குத்தான். ஆமா, இவ அழுதுட்டு இருக்கா, ஒண்ணுமில்ல.” சுகந்தினியும் அழுதாள். ஆனாலும் புருஷனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. முருகனைக் காவல்காரனாக வைத்ததை அவளால் இலேசில் விழுங்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை தவராசா குளித்து, திருநீறு பூசி, கால் பழக்கத்தில் நடைபாதைக்குப் போனார். அலுமாரி வெறுமையாகத் திறந்து கிடந்தது. திரும்பிச் சாப்பாட்டு மேசைக்கு வந்தார். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்ற முருகனுக்கு முன்னால் கைகூப்பிக் கண்ணை மூடினார். வழக்கமாகக் கண்ணை மூடினால் உதடு தன்பாட்டில் அசையும். இன்று அசையவில்லை.

தேத்தண்ணியோடு வந்த சுகந்தினி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“இவ்வளவு வருசமும் எனக்கு முன்னாலை நடிச்சனீங்கள் என்ன? கண்ணை மூடி உருகினதெல்லாம்?”

“நடிக்கேல்லையப்பா. உண்மையாத்தான் கும்பிட்டனான்.”

“என்னெண்டு?”

“முருகா, இண்டைக்கு ஒருத்தரும் இந்தக் கதவைத் திறக்கக்கூடாது எண்டு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். தனக்காகவும் கம்சாயினிக்காகவும் வேண்டுகிறார் என்று அவள் கோயிலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த அத்தனை காலையும் இந்த மனுஷன் பயத்தோடு எழும்பியிருக்கிறார். அவள் கேரேஜில் வடை சுட்ட ஒவ்வொரு நாளும்.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீரும் பயந்திருப்பீர். ஒரு வீட்டிலை ஒரு ஆள் பயந்தாப் போதும் எண்டு நினைச்சன்.”

சுகந்தினி தேத்தண்ணியை மேசையில் வைத்தாள். கோபம் எங்கே போனதென்று தேடினாள், கிடைக்கவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“இப்ப ஏன் பேசாமல் நிக்கிறீங்கள்?”

“இனி என்ன கேக்கிறதெண்டு தெரியேல்லை” என்றார் அவர். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

“சிந்துவின்ரை பிள்ளை சுகமாப் பிறக்கோணும் எண்டு கேளுங்கோ.”

தவராசா கண்ணை மூடினார். உதடு அசையத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒரு கண்ணை மட்டும் திறந்து, “பொம்பிளைப் பிள்ளை எண்டோ, ஆம்பிளைப் பிள்ளை எண்டோ?” என்று கேட்டார்.

“அதை அவர் பாப்பார். நீங்கள் சுகத்தை மட்டும் கேளுங்கோ” என்றாள் சுகந்தினி.